மூன்றாவது வளைவில் போட்ட கையெழுத்து

நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன். முனி அடித்தது, காத்து கருப்பு தொட்டது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சின்னசேலத்தில் விடியுமுன்னே பால் கேனோடு சைக்கிள் மிதித்தவன், சுடுகாட்டு ஓரத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியிருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. இது நடந்ததோ பட்டப்பகலில். எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் அதுதான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள். எப்போது பஸ் நிற்கும், எந்த ரோட்டில் மரம் விழும் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அமைதியாக இருக்கிறதே என்று நம்பி, கள்ளக்குறிச்சியில் சிலர் சேர்ந்து மூன்று நாள் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். முதல் நாள் உளுந்தூர்பேட்டை போய்த் திரும்ப வேண்டும், இரண்டாம் நாள் வெள்ளிமலை ஏற வேண்டும், மூன்றாம் நாள் மலைக்கிராமங்களின் மண் பாதையில் சுற்ற வேண்டும். மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைவாக எடுத்தவன் ஜெயித்தவன். எனக்குக் கோப்பை வேண்டாம், சான்றிதழ் போதும். விளையாட்டுப் பிரிவில் போலீஸ் வேலைக்கு மனுப் போட வயது வரம்பில் எனக்கு அதுதான் கடைசி வருடம்.

முதல் நாளே தப்பு செய்தேன். வேகத்தைக் காட்டுகிறேன் என்று முன்னால் போய் எதிர்காற்றை எல்லாம் நானே வாங்கினேன், பின்னால் ஒட்டி வந்தவர்கள் சுகமாக வந்தார்கள். ராத்திரி களைப்பில் சோறு இறங்கவில்லை, மோரைக் குடித்துவிட்டுப் படுத்தேன், தூக்கமும் வரவில்லை. நாள் கணக்கில் ஓடும் பந்தயத்தில் கால்களை விட வயிறும் தூக்கமும்தான் ஜெயிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். கியர் இல்லாத சைக்கிள், மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான். முதல் வளைவிலேயே உடம்பு காலி. வியர்வை நின்று கை சில்லிட்டது, ரோடு ஆடியது, ஒவ்வொருவனாக என்னைத் தாண்டிப் போனான். மூன்றாவது வளைவில் வலது ஆடுசதை கல்லாக இறுகிச் சைக்கிளோடு சரிந்தேன்.

அங்கே கோதண்டம் மாஸ்டர் நின்றிருந்தார். பள்ளியில் எனக்கு டிரில் எடுத்தவர். அந்த வளைவைத் தாண்டினோம் என்பதற்கு, ஒவ்வொருவரும் கொண்டுவந்த பந்தய அட்டையில் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. என் காலைத் தன் மடியில் வைத்து ஒரு பிடி பிடித்தார், உயிரே போய்த் திரும்பியது. உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீர் கொடுத்தார்.

“உக்காந்துக்கினே இருந்தீன்னா இன்னும் ஜாஸ்தியா இறுகிடும். எழுந்திரு. மிதிக்கறத எண்ணாத, மூச்ச எண்ணு.”

அட்டையில் கையெழுத்துப் போட்டார். மூச்சை எண்ணிக்கொண்டே மிதித்தேன். நம்பினால் நம்புங்கள், தாண்டிப் போனவர்களை எல்லாம் பிடித்து வெள்ளிமலைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே பந்தயச் செயலாளர் அட்டைகளை வாங்கினார். என் அட்டையைத் தவிர ஒன்றிலும் மூன்றாவது வளைவின் கையெழுத்து இல்லை. “அங்க யாருமே இல்லிங்களே” என்றார்கள் மற்றவர்கள். பொழுது சாயும் நேரத்தில் மாஸ்டர் கால்நடையாக வந்து சேர்ந்தார். நாங்கள் கடந்த கொஞ்ச நேரத்தில் போராட்டக்காரர்கள் அடிவாரத்தில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்களாம், தாமதமாகக் கிளம்பி எங்களுக்குப் பின்னால் அவர் வந்த ஜீப் அங்கேயே நின்றுவிட்டது. மூன்று மணி வரை ஜீப்பிலேயே காத்திருந்திருக்கிறார்.

“இது உங்க கையெழுத்தா?” என்றார் செயலாளர்.

மாஸ்டர் அட்டையை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “எழுத்து என்னுது மாரிதான் இருக்குது. ஆனா நான் கீழதான இருந்தேன்.”

“அப்ப இவனே போட்டுக்கினான்” என்றார் செயலாளர்.

“சார், நீங்கதான கால புடிச்சி உட்டீங்க. தண்ணி குடுத்தீங்க. சொல்லுங்க சார்.”

அவர் அட்டையைச் செயலாளரிடமே திருப்பிக் கொடுத்தார். கையெழுத்தே இல்லாதவர்கள் மூன்றாம் நாள் ஓடினார்கள். கையெழுத்து இருந்த என் பெயரை அடித்தார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சான்றிதழ் போனது, வேலை போனது, பால் கேன் மட்டும் மிச்சம்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் பார்த்தேன். ஆடுசதையில் ரத்தம் கன்றிய தடம். ஒரு கட்டைவிரல், மூன்று விரல்கள், அவ்வளவுதான். கோதண்டம் மாஸ்டரின் வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. சின்ன வயதில் கரும்பு ஆலையில் சிக்கிப் போனது.

நேராக அவர் வீட்டுக்குப் போய்க் காலைக் காட்டினேன். குனிந்து, தன்னை அறியாமல் கையை அந்தத் தடத்தின் மேல் வைத்தார். ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில் பொருந்தியது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

“இத யாருக்கும் காட்டாத. போப்பா” என்றார்.

அதற்குப் பிறகு கடைத்தெருவிலோ பஸ் ஸ்டாண்டிலோ என்னைப் பார்த்தால், அந்தக் கையைத் தோள் துண்டுக்குள் மறைத்துக்கொண்டுதான் பேசுவார். சாகிற வரைக்கும் அப்படித்தான். கீழேதான் இருந்தேன் என்று சொன்னவர், என்னிடம் எதற்காக அதை மறைக்க வேண்டும்?