இரண்டு பல் குறைந்த மூடி

குழந்தை மூடியை நக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. மடியில் காய்ச்சல் மருந்துப் புட்டி, திறந்தபடி.

அவளைப் பெற்ற தங்கை அலறினாள். அக்கா பாய்ந்து புட்டியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நல்லவேளை, மருந்து கழுத்துவரை இருந்தது.

"நீ செஞ்ச மூடிதானேக்கா இது? எந்தப் புள்ளையாலயும் திறக்க முடியாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே!"

அது அக்கா வடிவமைத்த மூடிதான். இரண்டு வருட வேலை. அறுபது பிள்ளைகள் கையில் காலிப் புட்டியைக் கொடுத்து, ஒன்றாலும் திறக்க முடியாமல் போகும்வரை விடாமல் மாற்றி மாற்றி வரைந்தாள். அழுத்தித் திருகினால்தான் திறக்கும். மூடும்போது 'டக்' என்று கேட்கும். பூட்டிக்கொண்டது என்று கண் மங்கியவர்களுக்கும் தெரியட்டும் என்று வைத்தது.

மூடினாள். டக். அழுத்தாமல் சும்மா திருகினாள். திறந்துகொண்டது. உள்ளே விரலை விட்டுத் தடவினாள். பூட்டும் பற்கள் இரண்டையும் காணோம். சத்தம் தரும் பல் மட்டும் பத்திரமாக இருந்தது.

புட்டியோடு நேரே, தான் வேலை பார்க்கும் மூடிக் கம்பெனிக்குப் போனாள். மேலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பூட்டும் பற்கள் எங்கே என்று கேட்டாள்.

"ஆமாம்மா, எடுத்தோம். அச்சுல சிக்கிக்கிட்டே இருந்துச்சு. மெஷின் நின்னா யாரு பதில் சொல்றது?"

"எப்ப சார்?"

"போன வருஷம். மழைக்கு முன்னால."

ஒரு வருடம். மேல்மாடியில் தன் அறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இழுப்பறையில் இருந்த மாதிரி மூடியையே அவள் காட்டிக்கொண்டிருந்தாள். கீழே மெஷினில் வரும் மூடிகளில் ஒன்றை எடுத்துத் திருகிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"அப்ப அந்தச் சத்தத்தை மட்டும் எதுக்கு விட்டு வெச்சீங்க?"

"அது இல்லன்னா வாங்குறவன் நம்ப மாட்டானேம்மா."

கணக்குச் சொல்லித் தருகிறவர் போலச் சொன்னார்.

"என் தங்கச்சி பொண்ணு இன்னைக்குத் திறந்துட்டா, சார். மூணு வயசு."

கோப்பையை வைத்தார். "ஐயய்யோ! குடிச்சிட்டாளா?"

"இல்ல."

"அப்பாடா." மறுபடி கோப்பையை எடுத்தார். "சுட்டிப் பொண்ணும்மா."

மறுநாள் காலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பழைய மூடி, புதிய மூடி, ஒரு கடிதம் மூன்றையும் கொடுத்தாள். எழுத்தர் முத்திரை குத்தி ரசீது தந்தார். பதினோரு மணிக்கு வேலைக்குப் போய் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னாள். வரைபடங்களை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். கீழ்த்தளத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் தங்கை வீட்டில் சாப்பிட்டாள். பிறகு இருவருமாக மருந்துகளை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினார்கள்.