மீசையில்லாத ரங்கநாயகியும் கட்டிப்போன என் தொண்டையும்

சுக்கும் வெல்லமும் ஏலக்காயும் கரைத்த பானகத்தின் காரம் மூக்கில் ஏறும்போதெல்லாம், பதினோரு வயதில் நான் எவ்வளவு பெரிய மேதாவியாக இருந்தேன் என்பது நினைவுக்கு வந்து, எனக்கே என் மேல் இளப்பம் தட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் சோமனூரில் ராமநவமிக்குப் பந்தல் போட்டுக் கச்சேரி வைப்பார்கள். ஒன்றரை வருஷம் பாட்டு வாத்தியார் உயிரை வாங்கி நாலரைக் கீர்த்தனை பாடம் பண்ணியிருந்த நான், அந்த வருஷம்தான் முதன்முதலாக மேடையேறிக் கடவுள் வாழ்த்துப் பாடுவதாக ஏற்பாடு. பச்சைப் பட்டுப் பாவாடைகூடத் தைத்தாயிற்று.

கச்சேரி செய்யப்போவது ரங்கநாயகி என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் முகங்கள் சுளித்தன. அந்த அம்மாள் முறையாகச் சங்கீதம் படித்தவர்தான். ஆனால் பல்லடத்து நாடகக் கொட்டகையில் மீசை ஒட்டிக்கொண்டு "ராஜபார்ட்" கட்டி, கத்தியைச் சுழற்றியபடி பாடுகிறவரும் அவரேதான். "கூத்துக்காரி பாடி ராமர் கேக்கோணுமாக்கும்!" என்றார் பெரியப்பா. அவருக்குத் தெரிந்த ஒரே சுருதி அவருடைய பஞ்சு ஜின்னிங் பாக்டரிச் சங்கு. ஆனாலும் பந்தலில் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான்.

நான் அவரையும் மிஞ்சினேன். "அவங்க பாடற மேடைல நான் பாட மாட்டேனுங்க" என்று அறிவித்தேன். "நம்ம கண்ணுக்கு இருக்கற ஞானத்தப் பாத்தியா அம்மணி!" என்று அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போனார் பெரியப்பா. அந்த ஞானவதி, முந்தின மாசம்தான் அத்தை வீட்டுக்கென்று பல்லடம் போய், அதே கொட்டகையில் மண்ணில் உட்கார்ந்து, மகனைப் பறிகொடுத்த ராஜாவாக ரங்கநாயகி புலம்பியதைக் கேட்டுப் பாவாடை நனைய அழுதுவிட்டு வந்தவள் என்பது அவருக்குத் தெரியாது.

கச்சேரியன்று, அரக்குப் புடவையில் மீசையில்லாத ரங்கநாயகி வந்து உட்கார்ந்து ராகத்தை எடுத்தார். முன்வரிசையில் ஆறு தொடைகளில் ஆறு விதமான தாளம். ராகத்தை அலசி முடித்தவர், சத்தமில்லாமல் அந்த ராஜாவின் புலம்பலுக்குள் நுழைந்துவிட்டார். கொட்டகையில் அதைக் கேட்டுப் பழகிய தறிக்காரர்கள் பின்னால் துண்டால் வாயைப் பொத்திச் சிரிக்க, பெரியப்பாவோ, "இதுதானுங்க சுத்தமான சங்கீதம்! பலே!" என்று தலையை ஆட்டினார். முன்வரிசையில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் கொட்டகைக்குப் போன குட்டு உடைந்துவிடும். நானும் தலையை ஆட்டினேன்.

மங்களத்துக்கு முன் ரங்கநாயகி என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, நீ பாடறதாச் சொன்னாங்களே?"

"தொண்டை கட்டிப்போச்சுங்க!" பந்தல் முழுக்கக் கேட்டிருக்கும்.

"நல்லாக் கணீர்னு கட்டியிருக்குது அம்மணி. வேசம் போட்டா முழுசாப் போடோணும். கம்மின குரல்ல சொல்லீருந்தா நம்பியிருப்பேன்." சிரித்துக்கொண்டே பாயில் பக்கத்து இடத்தைத் தட்டினார். "மங்களமாச்சும் எங்கூடப் பாடு, வா."

ஓடிப்போய் உட்காரத்தான் ஆசையாக இருந்தது. பெரியப்பா முகத்தைப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கு அந்தத் தலை ஆடின ஆட்டம் கொஞ்சமல்ல. ரங்கநாயகி தனியாகவே மங்களம் பாடி முடித்தார். அதற்குப் பிறகு எந்த மேடையும் என்னைக் கூப்பிடவில்லை.

பல்லடத்துக் கொட்டகை போய் அங்கே நூல் குடோன் வந்துவிட்டது. ராமநவமிப் பந்தலும் நின்றுபோயிற்று. கோயமுத்தூர் சபாக்களில் இப்போதெல்லாம் மங்களம் தொடங்கியதும் சனம் செருப்பைத் தேடி ஓடுகிறது. நான் மட்டும் கடைசி அடி வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பெரிய ரசிகை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.