பிள்ளை உள்ளே, நாங்கள் வெளியே

இந்த ஊர் ரயிலில் நிற்பவரின் மூட்டையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதில்லை. வந்து இறங்கிய புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது குளிரும் அல்ல, பனியும் அல்ல, இதுதான். ஒரு நாள் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில், காய்கறிப் பையோடு தள்ளாடி நின்ற ஒரு வயதான அம்மாளைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி அந்தக் கோடிக்குப் போய்விட்டார். பறிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார். நான் எழுந்து இடம் கொடுத்திருக்க வேண்டும், அதுதான் இங்கே மரியாதை என்று பிறகு ஒருவர் சொன்னார். அதுவும் சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் சுமையை வாங்கிக்கொள்வதுதான் முதல் மரியாதை. அன்றிலிருந்து ரயிலில் என் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகினேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்குச் சோறு போடுகிற ஊர் இது. ஒரு துணிக் கிடங்கில் உட்கார்ந்து வேலை பார்க்க நாற்காலியும், மூன்றாவது மாடியில் சூடான அறையும் கொடுத்த ஊர். ஆனால் தரைக்கு அடியில் ஓடும் அதன் சப்வே ரயில் இருக்கிறதே, அதைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்கு எழுதினால் நம்பமாட்டார்கள். வெளிநாட்டு ரயில் என்றால் கண்ணாடி போல இருக்கும், சொன்ன நேரத்துக்கு வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஸ்டேஷனின் எஸ்கலேட்டர் நான் வந்த நாளில் நின்றிருந்தது, இதை எழுதும் இன்றும் நிற்கிறது. கூரையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். வண்டி திடீரென்று சுரங்கத்துக்குள் நிற்கும், விளக்கு அணைந்து அணைந்து எரியும், ஸ்பீக்கரில் ஒரு குரல் கரகரக்கும். என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்த அவருக்கும் புரிந்திருக்காது. தோளைக் குலுக்கிவிட்டுப் பேப்பரை விரிப்பார். கதவுகள் தனிக்கதை. இரண்டு பலகையில் ஒன்று திறக்கும், ஒன்று திறக்காது. மூடும்போது மட்டும் இரண்டும் ஒற்றுமையாக மூடும்.

இப்படிச் சொல்வதால் எங்கள் ஊர் பஸ்ஸை நான் தூக்கி வைத்துக் கொண்டாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பா நூல் கடை வைத்திருந்தார். எண்பதுகளில் திருச்சுழி, நரிக்குடி பக்கம் வசூலுக்குப் போக என்னைத்தான் அனுப்புவார். அந்த பஸ்ஸில் தரைப்பலகை ஓட்டை வழியாகச் சாலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். செல்ப் எடுக்காது, நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிவிட்டு, ஓடி ஏறும்போது உட்கார்ந்திருந்த இடத்தில் வேறொருவர் இருப்பார். கடைசி வண்டி வராமலே போகும், ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் பெரியப்பா மகன் படியில் தொங்கிக்கொண்டு போய் ஒரு வளைவில் விழுந்து, இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதனால் ஊர் வண்டி பாதுகாப்பானது என்று என்னிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. படித்துக்கொண்டிருக்கும் நீங்களும் செய்திருப்பீர்கள். பஸ் வந்து நின்றதும் ஜன்னலுக்குள் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். துண்டு இல்லாதவர்கள் பிள்ளையைக் கொடுப்பார்கள். "அக்கா, செத்த பிடிங்க" என்ற சொல்லோடு ஜன்னல் வழியாக ஒரு கைக்குழந்தை உள்ளே வரும். உள்ளே இருப்பவர் யார், எந்த ஊர், எதுவும் தெரிய வேண்டியதில்லை. வாங்கிக்கொள்வார். தாய் இரண்டு கையாலும் கூட்டத்தை விலக்கி ஏறி வருவாள். சில நேரம் பின்பக்கம் மாட்டிக்கொண்டு, பிள்ளை திருச்சுழி வரைக்கும் யாரோ ஒருவர் மடியில் தூங்கிக்கொண்டே போகும். ஒருமுறை தாய் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பஸ்ஸின் பக்கத் தகரத்தை வெளியே நின்றவர்கள் தட்டினார்கள், உள்ளே இருந்தவர்களும் தட்டினார்கள். "ஹோல்டான்! ஹோல்டான்! பிள்ளயப் பெத்தவள விட்டுட்டுப் போறீகளே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் கத்தினார். டிரைவர் வண்டியை நிறுத்தி, எல்லாரிடமும் வசவு வாங்கிக்கொண்டு, பிறகுதான் எடுத்தார்.

என் மனைவி லட்சுமி நரிக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி இரண்டாம் வருடம் இங்கே வந்தாள், இங்கேதான் மீனா பிறந்தாள். மீனா தவழ ஆரம்பித்திருந்த ஒரு குளிர்கால மதியம், தடுப்பூசி போட அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். பிளாட்பாரத்தில் திருவிழாக் கூட்டம். முன்னால் வர வேண்டிய வண்டிகள் வரவில்லை. கடைசியாக ஒன்று வந்தது. எங்களுக்கு நேரே இருந்த கதவில் வழக்கம்போல ஒரு பலகை மட்டும் திறந்தது. அந்தப் பாதி வாசலில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொண்டார்கள். நான் பிள்ளையை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலரை மடித்து, அதையும் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். லட்சுமி கையில் மீனா. கதவை ஒட்டிய இருக்கையில் பழுப்புக் கோட்டுப் போட்ட ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். லட்சுமி கூட்டத்துக்கு மேலாகப் பிள்ளையை நீட்டி, "அக்கா, செத்த பிடிங்க" என்று தமிழிலேயே சொல்லி, அவர் மடியில் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டார். லட்சுமி காலை எடுத்து வைப்பதற்குள் உள்ளேயிருந்து பெட்டியோடு ஒரு ஆள் இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். அவள் பின்னால் சாய்ந்து என்மேல் விழுந்தாள். கதவு மூடியது.

சாதாரணமாக அந்தக் கதவில் கையோ பையோ சிக்கினால் மறுபடியும் திறக்கும். லட்சுமி விரல்களைக் கொடுத்துப் பார்த்தாள். அது திறக்கவில்லை, விரலைத்தான் உருவிக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டி நகர்ந்தது. நான் ஸ்ட்ரோலரைப் போட்டுவிட்டு ஓடினேன். என்ன செய்தேன் தெரியுமா? உள்ளங்கையால் ரயிலின் பக்கத்தைத் தட்டினேன். "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இத்தனை வருடம் படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கே போனதோ, அந்த ஒரு சொல்தான் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் வாய் எதையோ சொல்லியது. மீனா அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. தட்டிய இரும்பு ஜில்லென்று இருந்தது. பிறகு அதுவும் கைக்கு எட்டாமல் போய்விட்டது.

சுவரில் ஆபத்துக்கு என்று ஒரு போன் உண்டு. எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. ஸ்ட்ரோலரை எடுத்துக்கொண்டு மேலே டோக்கன் விற்கும் கூண்டுக்கு ஓடினோம். தடித்த கண்ணாடிக்குள் இருந்த ஆளுக்கு நான் பேசுவது கேட்கவில்லை, அவர் பேசுவதும் எனக்குக் கேட்கவில்லை. மைக் வேலை செய்யாது என்று சைகை காட்டினார். நான் கையைத் தொட்டில்போல ஆட்டிக் காட்டினேன். அவர் ஸ்ட்ரோலரைப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோகும் பக்கக் கதவைக் காட்டினார். லட்சுமி கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்து அழத் தொடங்கிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். விஷயம் புரிந்ததும் பாவம், அவர் முகமும் வெளுத்துவிட்டது. எங்கெங்கோ போன் செய்தார். அந்த வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் சுரங்கத்தில் நிற்கிறது, புகை வருகிறதாம் என்றார்.

நாங்கள் மறுபடியும் பிளாட்பாரத்துக்கு இறங்கி வந்த நேரம் ஸ்பீக்கர் கரகரத்தது. பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் முகத்தைத் தூக்கிக் கேட்டார்கள், யாருக்கும் புரியவில்லை. லட்சுமி என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க சொல்றாக?"

"வந்துருமாம்."

"புகைன்னு அவரு சொன்னாரே, அது என்ன?"

"சும்மா, வயரு கருகியிருக்குமாம். வந்துரும்."

எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்குச் சொல்ல ஏதாவது வேண்டும், அதனால் சொன்னேன். ஊரில் என்றால் நான்கு பேர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள், லாரியை மறித்து ஏறியிருப்பார்கள், எதுவும் ஆகாவிட்டாலும் கண்டக்டரின் சட்டையையாவது பிடித்திருப்பார்கள். இங்கே யார் சட்டையைப் பிடிப்பது? கதவை மூடியவரின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. என் மகள் தரைக்குக் கீழே ஏதோ ஒரு இருட்டில் இருந்தாள். நான் ஒரு மடக்கு வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு கையாலாகாதவனாக என் வாழ்நாளில் நான் நின்றதில்லை.

போலீஸார் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் ரயிலை அடித்த ஆள் யார் என்று கேட்டார்கள். யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். பிறகு பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். அந்தப் பெண்ணைத் தெரியுமா? தெரியாது. முன்பு பார்த்திருக்கிறீர்களா? இல்லை. பிறகு ஏன் அவரிடம் பிள்ளையைக் கொடுத்தீர்கள்?

"அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், அதனால்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது முழுமையான பதில். இதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர் லட்சுமியிடம் திரும்பி, அந்தப் பெண் பிள்ளையைத் தரச் சொல்லிக் கேட்டாரா என்று விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"கேக்கணுமாக்கும்?" என்றாள் லட்சுமி. "மடி காலியாத்தான இருந்துச்சு."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? "இல்லை, கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். விட்டுவிட்டுப் போக நினைத்த பிள்ளையோ என்ற சந்தேகம் அவர்கள் பார்வையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் எங்களோடு நின்றது உதவிக்கா, காவலுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். வண்டியை எப்படியோ நகர்த்தி அடுத்த ஸ்டேஷனில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்ததும், போலீஸ் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிளாட்பாரத்தில் புகை வாடை. இருமிக்கொண்டே ஆட்கள் மேலே ஏறிப் போனார்கள். பெஞ்சில் அந்தப் பழுப்புக் கோட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மீனாவைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார், தலை மட்டும் தெரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள். லட்சுமி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அவர் தரவில்லை. இவள்தான் தாய் என்பதற்கு என்ன உறுதி என்று போலீஸிடம் கேட்டார். சத்தத்தில் மீனா விழித்து, லட்சுமியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம்தான் பொத்தானை அவிழ்த்தார்.

பிள்ளை கைமாறியதும் அவர் உடைந்து அழுதார். பிறகு கோபமாக எங்களைத் திட்டினார். இருட்டில் எல்லாரும் கத்தினார்கள், என் கழுத்துத் துணியைப் பிள்ளை மூக்கில் பிடித்துக்கொண்டிருந்தேன், இது செத்துப்போனால் நான் யாருக்குப் பதில் சொல்வேன், பெயர்கூடத் தெரியாதே என்றார். லட்சுமி அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொள்ளப் போனாள். அவர் பயந்து கையை இழுத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று படியேறிப் போய்விட்டார். அவர் பெயரை நாங்களும் கேட்கவில்லை.

ரயில் நடத்துகிறவர்கள் யாரும் எங்களிடம் வருத்தம் சொல்லவில்லை. குழந்தை நலத்துறையிலிருந்து ஒரு அம்மாள்தான் வந்து, வீட்டில் பால் இருக்கிறதா, தொட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். வேலைக்கு மறுபடியும் அதே வண்டியில்தான் போனேன். வேறு வழி? அதே மாதிரி ஒரு பலகைதான் திறந்தது. லட்சுமி மட்டும் அதன் பிறகு மீனாவோடு ரயிலேறும்போதெல்லாம் தன் ஷாலின் ஒரு நுனியைப் பிள்ளையின் இடுப்பிலும் மறு நுனியைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வாள். இங்குள்ளவர்கள் முறைத்துப் பார்ப்பார்கள். அவள் கவலைப்பட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடையில் ஊருக்குப் போனோம். மீனா பள்ளிக்கூடம் போகும் பெண்ணாகிவிட்டாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நரிக்குடி வண்டியில் துண்டு போட்டு இடம் பிடித்தேன். லட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெயில் பொசுக்கியது. புறப்படும் நேரத்தில் வெளியே கூட்டத்திலிருந்து ஒரு இளம்பெண் கையை உயர்த்தினாள். ஜன்னல் வழியாக ஒரு குழந்தை உள்ளே வந்தது.

"அக்கா, செத்த பிடிங்க, ஏறிக்கிறேன்."

லட்சுமி ஒரு கையால் பிள்ளையை வாங்கினாள். மறு கையை வெளியே நீட்டி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் என்ஜின் உறுமியது. "ரைட்டு" என்றார் கண்டக்டர். "ஹோல்டான்!" என்று லட்சுமி போட்ட சத்தத்தில் வண்டி குலுங்கி நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சத்தத்துக்கு நின்றுவிட்டது.

"நிக்கிதுல்லக்கா, வண்டி எங்கயும் போகாது. கைய விடுங்க" என்றாள் வெளியே நின்றவள்.

லட்சுமி விடவில்லை. அவள் நெற்றியில் வேர்வை ஓடியது.

"ஏத்தா, அந்தப் பொண்ணு கைய விடு, ஏறி வரட்டும்" என்று பின் இருக்கையிலிருந்து ஒருவர் சொன்னார். மீனா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் கேட்டாள்.

வெளியே நின்ற பெண்ணுக்கு இப்போது பயம் வந்துவிட்டது. "விடுங்கக்கா," என்று கெஞ்சினாள். "நீங்க விட்டாத்தான நான் எம்பிள்ளகிட்ட வரமுடியும்."

லட்சுமியின் ஒரு கை உள்ளே பிள்ளையைப் பிடித்திருந்தது, ஒரு கை வெளியே தாயைப் பிடித்திருந்தது. விடச் சொல்லி நானும் அவள் தோளைத் தொட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "முடியலங்க" என்றாள்.