மூன்றாம் ஞாயிற்று வாடகைக் கார்

நேற்று மழைக்குப் பயந்து ஒரு டாக்சியில் ஏறினேன். கதவைச் சாத்தியதும் அந்த எலுமிச்சை வாசனை மூக்கில் அடித்தது. முன்கண்ணாடிக்குக் கீழே குட்டிப் பாட்டிலில் வைப்பார்களே, அதுதான். நிஜ எலுமிச்சம்பழத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் என் வலது கால், பிரேக்கைத் தேடுவதுபோல, தானாக முன்னால் நீண்டது. டாக்சி என்னவோ தம்பானூர் சிக்னலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, சுகமில்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். சுகம்தான், பழைய ஞாபகம் என்று அவரிடம் எங்கே போய்ச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

எட்டு ஒன்பது வருடம் இருக்கும். அப்போது ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் குடியிருந்தோம். கீழே வற்றல் மிளகாய்க் கிட்டங்கி. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் யாரும் தும்மாமல் காப்பி குடித்ததில்லை. நானும் என் வீட்டுக்காரரும் மார்த்தாண்டம் பக்கம். நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மொத்த வியாபாரியின் வேனை ஓட்டினார். நெடுமங்காடு, விதுரை, கல்லாறு என்று மலையடிவாரத்துக் கடைகளுக்கெல்லாம் சரக்குக் கொண்டுபோவது அவர் வேலை. வேன் ஓட்டும்போது அவர் பாடுவார். சுருதி சேராது, ஆனால் சத்தமாகப் பாடுவார்.

ஒரு மழைக்காலத்தில் கல்லாற்றுக்குக் கீழே ஒரு வளைவில் அந்த வேன் வழுக்கிச் சாய்ந்து படுத்துவிட்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கூடப் போன சுமையாள் டேவிட் அண்ணனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவர் இரண்டு மாதத்தில் தேறி, எங்கள் வீட்டுக்கே வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, "வண்டின்னா சரியத்தான் செய்யும் மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். எலும்பு ஒட்டிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத்தான் எதுவோ ஒட்டவில்லை. திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் ஸ்டியரிங்கைத் தொட்டதுதான் தாமதம், இறங்கிவிட்டார். முதலாளி நல்ல மனுஷன், வேலையை விட்டு அனுப்பாமல் தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பாடிக்கொண்டு மலையேறிய ஆள் மிளகாய் நிறுக்க ஆரம்பித்தார். பஸ்ஸில்கூட முன் சீட்டில் உட்காரமாட்டார்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "இனி வண்டி ஓட்டவே மாட்டியளா?"

"அதப் பத்தி என்ட்ட கேக்காண்டாம்."

அவ்வளவுதான். அவருக்கு அப்போது முப்பத்தியோரு வயது. இந்த மனுஷன் இப்படியே நிறுத்து நிறுத்துக் கிழவனாகிவிடுவாரோ என்று எனக்கு பயம் பிடித்துக்கொண்டது. சம்பளத்தைப் பற்றிய பயம் இல்லை. வீட்டில் பாட்டு நின்றுபோயிருந்தது, அதைப் பற்றிய பயம்.

அந்த பயத்தில்தான் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அவர் ஸ்டியரிங் பக்கம் வரமாட்டார் என்றால், குறைந்தபட்சம் காருக்குள்ளாவது உட்காரட்டும் என்று ஒரு கணக்கு. சொந்தக் கார் வாங்க வக்கில்லை. வாடகைக்கு எடுத்து மாதம் ஒருநாள் மலைப்பக்கம் போய்வரலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பயந்த சுபாவம். அந்தக் காரில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு. நான் மிதிப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார். வண்டி அழகாக நிற்கும். நான்தான் நிறுத்தினேன் என்று நான் நம்பினேன். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்சும் வாங்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மணக்காட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆறு கார்கள். அங்கே சசி சேட்டன் என்று ஒருவர், வாடகைக்குக் கார் கொடுப்பவர். நாங்கள் போனதும் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார். லைசென்ஸ் என்னுடையது என்று தெரிந்ததும் முகம் மாறியது. "சேச்சியாணோ ஓடிக்குந்நது?" இந்த அக்காவா ஓட்டுவது என்று, என்னிடம் கேட்காமல் அவரிடமே கேட்டார். காரைக் கொடுக்கும் முன் அதன் உடம்பில் உள்ள கீறல்களையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். மற்றவர்களுக்கு ஒரு சுற்று எடுப்பார். எனக்கு மூன்று சுற்று எடுத்தார். கூரையைக்கூட விடவில்லை. அவருடைய எல்லாக் காரிலும் அந்தக் குட்டிப் பாட்டில் எலுமிச்சை வாசனைதான்.

வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். நான் தனியாகப் போகிறேன் என்றேன். "ஒத்தைக்கா? எவனையாவது கொன்னு போடுவ" என்று சொல்லிக்கொண்டே வந்து ஏறினார். எங்கள் சபையில் முதல் ஞாயிறு திருவிருந்து, அதைத் தவறவிட்டால் உபதேசியார் வீட்டுக்கே வந்துவிடுவார். அதனால் மூன்றாம் ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். ஒரு மாதம் நெய்யாறு, அடுத்த மாதம் பேப்பாறை. இரண்டும் அணைக்குப் பின்னால் மலைகளுக்கு நடுவே தேங்கிக் கிடக்கிற தண்ணீர்தான். நாங்கள் ஏரி என்றே சொல்வோம்.

முதல் பயணத்திலேயே குட்டு வெளிப்பட்டது. விதுரை தாண்டி ஓர் இறக்கம். வண்டி வேகம் பிடிக்கிறது. நான் பழக்கதோஷத்தில், இடது பக்கத்து ஆள் மிதிப்பார் என்று காத்திருக்கிறேன். இடது பக்கத்தில் என் வீட்டுக்காரர். பத்து வருடம் வலது பக்கமே உட்கார்ந்து பழகியவர், அவர் தன் காலடியில் உள்ள வெறும் தரையை உயிரைக் கொடுத்து மிதிக்கிறார். எதிரே ஒரு மாடு. எங்களுக்கு மொத்தம் நான்கு கால், காரில் ஒரே ஒரு பிரேக், அதன்மேல் யாருடைய காலும் இல்லை.

"மிதி பிள்ளே! மிதி!"

"நீங்க மிதிக்கேலியா?"

மாடு புத்திசாலி, விலகிக்கொண்டது. நான் ஒருவழியாக மிதித்தேன், கார் குலுங்கி அணைந்தது. பொதிச்சோறு பின்சீட்டிலிருந்து கீழே விழுந்து, மீன் வறுவல் ஒரு பக்கமும் அவியல் ஒரு பக்கமும் ஆனது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "லைசென்ஸ் தந்தவன் ஆரு?" என்று மட்டும் கேட்டார். பிறகு கீழே கிடந்த வறுவலை ஊதித் தின்றோம்.

அதற்குப் பிறகு மாதாமாதம் போனோம். நான் தேறினேன். அவர் தேறியதாகத் தெரியவில்லை. தண்ணீர்க்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, "இந்த மைதானத்துல ஒரு சுத்து எடுத்துப் பாருங்களேன், ஆளே இல்ல" என்பேன். கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்துகொண்டே, "வேண்டாம்" என்பார். கெஞ்சியும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். ஒருமுறை கால் சுளுக்கிக்கொண்டது என்று நடித்தேன். அவர் விதுரைக்குப் போன் போட்டு ஒரு ஆட்டோக்காரரை வரவழைத்துவிட்டார். வெட்கத்தோடு சுளுக்கைச் சரியாக்கிக்கொண்டு நானே ஓட்டித் திரும்பினேன்.

எட்டாவது மாதம், மலைமேல் தேயிலை எஸ்டேட் இருக்கிற போனக்காட்டுக்குப் போனோம். பேப்பாறைத் தண்ணீரை மேலிருந்து பார்க்கலாம் என்று கிளினிக்குக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். வனத்துறைச் சாவடியில் அனுமதி வாங்கி ஏறினோம். சாலை ஒரு வண்டி போகிற அகலம்தான், அதிலும் பாதி பெயர்ந்து கிடந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் தண்ணீர். எங்களுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார் தட்டுத்தடுமாறி ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் வாடகைக் கார்தான். ஒரு திருப்பத்தில் எஸ்டேட்டிலிருந்து இறங்குகிற அரசு பஸ் நேருக்கு நேராக வந்து நின்றது.

பஸ் பின்னால் போக வழியில்லை. கார்கள்தான் இறங்கவேண்டும். பின்னால் இருப்பதால் முதலில் நான். அந்த இறக்கத்தில் பின்னோக்கி! வீட்டுக்காரர் சட்டென்று இறங்கிப் பின்னால் போய்க் கார் முதுகில் தட்ட ஆரம்பித்தார்.

"வரட்டும்... வரட்டும்... வலத்த ஒடி... ஒடி, ஒடி... நேராக்கு... வரட்டும்... போதும், நிறுத்து!"

ஐம்பது அடி தூரம் இருக்கும். சாலை கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தியபோது என் ரவிக்கை நனைந்திருந்தது. ஒரு பாராட்டாவது வரும் என்று பார்த்தேன். "ம்" என்றார். அவர் கண் சிவப்புக் காரின்மேல் இருந்தது.

அதை ஓட்டியவர் திருநெல்வேலிக்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட பெரியமனுஷர், குடும்பத்தோடு வந்திருந்தார். மலைச்சாலையில் பின்னால் எடுத்துப் பழக்கமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இஞ்சின் அலறியது. வண்டி ஒரு முழம் இறங்கியது, நின்றது, பள்ளத்துப் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் வலது என்று கத்தினால் அவர் இடது ஒடித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிவந்து ஆளுக்கொரு திசை காட்டினார்கள், பாதிப் பேர் தமிழில், பாதிப் பேர் மலையாளத்தில். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஓர் அம்மா, "பிள்ளைகள இறக்கி விடுங்க ஐயா முதல்ல" என்று கதவைத் திறந்து குழந்தைகளை இழுத்து இறக்கினாள். பின்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஒரு சாண்கூட இல்லை. கிளச் கருகுகிற நாற்றம் வந்தது.

அந்த நாற்றம்தான். என் வீட்டுக்காரரின் முகம் அப்படியே மாறியதை நான் பார்த்தேன். பயமில்லை, எரிச்சல். அசல் டிரைவர் எரிச்சல்.

"சார், கிளச்ச கொல்லாதியோ! இறங்குங்க, நான் எடுக்கேன்."

அவர் இறங்கினார். இவர் ஏறினார். கூப்பிடலாமா என்று வாய் திறந்து மூடிக்கொண்டேன். இஞ்சின் அலறல் அடங்கி, சீராக உறும ஆரம்பித்தது. இடது கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் போட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, ஒரே இழுப்பில் அந்தக் காரைக் கொண்டுவந்து எங்கள் காருக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினார். பஸ் எங்களை உரசுவதுபோல இறங்கிப் போனது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்திக் காட்டினார்.

திருநெல்வேலிக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க டிரைவரா தம்பி?"

"ஆமா" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு வருடத்துக்கும் மேலாக மிளகாய் நிறுத்த ஆள். யோசிக்காமல் சொன்னார்.

அவர்கள் போன பிறகு ஒரு மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

"எட்டு மாசமா நான் கெஞ்சுதேன். எவனோ ஒருத்தன் வண்டியப் போய் எடுத்தியளே."

"அவன் கிளச்ச கருக்கிட்டான் பிள்ளே. சகிக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. நான் அழுதேன். நடுரோட்டில், மூக்கைச் சிந்தி, நன்றாகவே அழுதேன். அன்றைக்குத் திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். அடுத்த மூன்றாம் ஞாயிறு நெடுமங்காடு தாண்டியதும், "ஓரமா நிறுத்து" என்றார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் கதவைத் திறந்தார்.

இப்போது சொந்தமாக ஒரு சின்ன லாரி வைத்திருக்கிறார். பழைய கார் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். மணக்காட்டுத் தகரக் கொட்டகையை இடித்து செல்போன் கடை வந்துவிட்டது. சசி சேட்டன் கல்ஃபுக்குப் போய்விட்டார். வாடகைக் காரை இப்போது போனிலேயே எடுக்கலாம், யாரும் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த எட்டு மாதமும் நான் ஓட்டிக்கொண்டே ஏரியைப் பார்த்ததில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க தைரியம் கிடையாது. இடது பக்கத்தில் இருந்து அவர்தான் சொல்லிக்கொண்டு வருவார். "தண்ணி வத்திக் கெடக்கு. நடுவுல ஒரு திட்டு தெரியுது. பட்டுப்போன மரம் ஒண்ணு நிக்கி, அதுல ஒரு கறுத்த பறவ, செறக விரிச்சு காயவச்சிட்டிருக்கு." மற்ற நாளெல்லாம் வாய் திறக்காத மனுஷன் அந்த ஒரு ரோட்டில் மட்டும் அவ்வளவு பேசினார். போன மாதம் போனோம். அவர் ஓட்டினார். ரோட்டைப் பார்த்தபடி, சுருதி சேராமல், சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தார். தண்ணீர் கரை முட்டக் கிடந்தது, நானே பார்த்துக்கொண்டேன். ஏரியைச் சொல்லித்தந்த அந்தக் குரல் இப்போது இல்லை. என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே நல்ல குரல் அது. அது திரும்பி வரவே கூடாது என்றுதான் தினமும் ஜெபம் பண்ணுகிறேன்.