தட்டில் கேட்ட மூச்சு

என்னிடம் ஓர் அலமாரி நிறைய ஜாஸ் சாக்ஸபோன் இசைத்தட்டுகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தவை. தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளப் பாலக்காட்டுப் பக்கம் என் ஊரான பெருமாட்டிக்குத் திரும்பியபோது பாத்திரம் பண்டங்களுக்கு முன்னால் அவற்றைத்தான் வண்டியில் ஏற்றினேன். என் மனைவிக்கு அந்த இசை பிடித்ததில்லை. எருமை கன்றைத் தேடிக் கத்துவதுபோல் இருக்கிறது என்பாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, அடுக்களையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. குழாயில் காற்றை இழுத்தால் உள்ளே உருண்டைகள் மேலெழும் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, தினமும் பழகச் சொல்லியிருந்தார்கள். ஓர் உருண்டை எழும்பும், மற்றவை அசையாது. அதை ஓரமாக வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம், தூங்குகிறாள் என்று நினைத்து ஒரு தட்டைப் போட்டேன். மெதுவான இசை. கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, இந்தாளு மூச்சே உடமாட்டாருங்களா?"

நடுவில் எடுப்பார் என்றேன். எந்த இடத்தில் என்று காட்டச் சொன்னாள். ஊசியைத் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைத்தேன். நீண்ட சுரம் ஒன்று தேய்ந்து அடங்கியது. அடுத்தது எழுவதற்கு முன், உதட்டோரம் காற்று உள்ளே போகும் சன்னமான ஓசை. எத்தனையோ வருடங்களாக நான் கேட்டுவந்த தட்டு அது. அந்த ஓசை ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஊதுகிறவர் இப்போது இருக்கிறாரா என்று கேட்டாள். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார் என்றேன்.

"அப்ப செத்தவரு மூச்சுங்களா இது?"

எனக்குக் கையெல்லாம் புல்லரித்திருந்தது. கடல் தாண்டி ஏதோ ஓர் அறையில் ஒரு மனிதர் அவசரமில்லாமல் இழுத்த காற்று. அவர் இப்போது இல்லை, அந்த அறைகூட இருக்குமோ என்னவோ. அந்தக் காற்று மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்து, மூச்சுக்குத் திண்டாடுகிற ஒருத்தியின் பக்கத்தில் நின்றது.

"இன்னொருக்கா வைங்க" என்றாள்.

மறுநாள் அவளே கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு தட்டைப் போடச் சொன்னாள். அவர் இழுக்கும்போது இழுத்தாள். அவர் ஊதும் நேரத்தில் மெல்ல விட்டாள். முதலில் பாதியிலேயே இருமல் வந்தது. வேறு தட்டுகளையும் போட்டுப் பார்த்தோம். வேகமாக ஊதுகிறவர்களை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சங் கொஞ்சமாக இருமல் தள்ளிப்போனது. பிறகு ஒருநாள் எல்லா உருண்டைகளும் மேலே ஏறி நின்றன. நெஞ்சில் சளி இல்லை என்று டாக்டர் சொன்னபோது தை பிறந்திருந்தது.

இப்போது வாய்க்கால் வரை தனியாக நடந்து போய் வருகிறாள். மத்தியானங்களில் இருவரும் சேர்ந்தே கேட்கிறோம். ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். அந்தச் சன்னமான ஓசை வரும் இடத்தில் மட்டும், யாரும் சொல்லாமலே, இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.