தேங்காயெண்ணெய் போட்ட ட்ரம்பெட்

எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஹைட்சுங்கின் மேல்தான் இருக்கும். சுவரோரம் சுடுதண்ணீர் ஓடும் அந்தச் சூடாக்கிக்கு நாங்கள் தமிழில் பெயர் தேடியதே இல்லை. சுவிட்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் எங்கள் கட்டடத்துத் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதே காட்சிதான். கீழே இறக்கி வைத்தால் எண்ணெய் வெள்ளைக் கட்டியாகிவிடும். பிறகு தலை வாரும் அவசரத்தில் கரண்டிக்காம்பால் கிண்ட வேண்டும். எங்கள் போத்தல் இறங்கியதே இல்லை என்பதால், தேங்காயெண்ணெய் உறையும் என்பதையே அப்பா மறந்துபோயிருந்தார். என் வாழ்வின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று அந்த மறதியால் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் ஒரு குகன்மூசிக் குழுவில் சேர்ந்தேன். ஃபாஸ்நாக்ட் திருவிழாவில் முகமூடி மாட்டிக்கொண்டு, பித்தளை வாத்தியங்களை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக ஊதியபடி லுற்சேர்ன் தெருக்களில் ஆடிப்போகும் கூட்டம் அது. அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "குடிச்சுப்போட்டுக் கத்திற சனத்துக்குள்ள உனக்கென்ன பிள்ளை வேலை?" என்றார். பார்க்க வரவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வருடம் பெரிய பொறுப்பு. முதல் பாட்டின் தொடக்கத்தை நான் தனியாக ஊத வேண்டும். நான் ஊதினால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். ஊர்வலத்துக்கு முதல் நாள், குழு இரவல் தந்த ட்ரம்பெட் என் கையிலிருந்து நழுவி, மாடிப்படி முழுவதும் உருண்டு இறங்கியது.

"கடை எதுக்கு? கொண்டா இங்கால" என்றார் அப்பா. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த அவர், தன்னால் திருத்த முடியாத பொருள் உலகத்தில் இருப்பதாக நம்பியதில்லை. அவர் திருத்தி உருப்பட்ட பொருளை நாங்களும் பார்த்ததில்லை. ட்ரம்பெட்டின் நசுங்கிய வாய்க்குள் இடியப்ப உரலின் கட்டையை விட்டு நெம்பினார். இருந்த நெளிவு போய்ப் பக்கத்தில் புதிதாக இரண்டு வந்தன. கழன்ற இணைப்பில் ஈயத்தை உருக்கி ஊற்றினார். அது வடகம்போலப் புடைத்து நின்றது. அதோடு விட்டாரா? பித்தளைதானே என்று, குத்துவிளக்குத் துலக்குவதைப்போலப் பழப்புளி போட்டுத் தேய்த்தார். மேல்பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து வந்தது. புளித்தண்ணீர் உள்ளே போய், விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வுகள் இறுகியதும் ஹைட்சுங்கின் மேலிருந்த போத்தலை எடுத்துத் தாராளமாக ஊற்றினார். வீட்டுச் சூட்டில் வால்வுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. "பாத்தியோ? வெண்ணெய் மாதிரிப் போகுது" என்றார். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் தெருவில் காது விறைக்கும் குளிர். எங்கள் குழுத் தலைவி கோலை உயர்த்தினாள். நான் ஊதினேன். வால்வுகளை அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை. ஒரே சுரம் நீளமாக முனகியது. மறுபடியும் அதே முனகல். குழு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. முகமூடிக்குள் எனக்கு அழுகை வந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைச் சமையல் சட்டையோடு அப்பா வந்தார். மத்தியானச் சமையல் முடிந்து கிடைக்கும் ஓய்வு நேரத்தில் ஓடி வந்திருக்கிறார். "நான் உன்னைப் பாக்க வரேல்லை. என்ரை வேலையைப் பாக்க வந்தனான்" என்றபடி வால்வைக் கழற்றினார். சுற்றிலும் வெள்ளையாக எண்ணெய் அப்பியிருந்தது. "ஐயோ, உறைஞ்செல்லோ போச்சு!"

ட்ரம்பெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த தன் ஹோட்டலுக்கு ஓடியவர், துவாய் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலோடு திரும்பி வந்து, அதை வால்வுகளோடு அணைத்துப் பிடித்தார். மறுபடி ஊதினேன். கோணிய வாயிலிருந்து ஆட்டுக்கடா கத்துவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. தெருவே சிரித்தது. தலைவி துள்ளிக் குதித்து, இத்தனை நாளாகத் தேடிய சத்தம் இதுதான், இதை இனி எவரும் திருத்தக்கூடாது என்றாள். ஊர்வலம் நின்ற இடமெல்லாம் அப்பா சூடு கொடுத்தார். யாரோ அவர் மூக்கில் சிவப்புப் பூசிவிட்டார்கள். அந்த மூக்கோடுதான் இரவுச் சமையலுக்குப் போனார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தார். குழு அந்த ட்ரம்பெட்டை எனக்கே தந்துவிட்டது. இந்த வருடம் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். கடையில் கொடுத்து வால்வுகளை மட்டும் கழுவ வைத்து, முறையான எண்ணெய் போட வைத்து, தொலைபேசியில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். "நல்லது பிள்ளை. அப்ப நான் வரத் தேவையில்லை" என்றார். அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர்வலத்தன்று காலை, என் வீட்டு ஹைட்சுங்கின் மேலிருந்த போத்தலை எடுத்தேன். மூன்று வால்வுகளிலும் தாராளமாக ஊற்றி, ட்ரம்பெட்டைப் பல்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தேநீர் குடித்து முடித்துவிட்டு அப்பாவை அழைத்தேன்.

"அப்பா, வால்வு இறுகிட்டுது."

"நான் அப்பவே நினைச்சனான். கடைக்காரனுக்கு என்ன தெரியும்? நில் பிள்ளை, தண்ணி கொதிக்குது. வாறன்."