ஏழாம் நம்பர் கல்லைப் பிடுங்கியது யார்?

வெள்ளை எனாமல் பெயின்டும் சங்கிலிக்குப் போட்ட எண்ணெயும் கலந்த ஒரு வாசம்... அந்த நாட்களில் என் சட்டையை விட்டுப் போகவே போகாது. உம்மா அதை மட்டும் தனி வாளியில் ஊறப் போடுவா.

கல்முனையில் ஒரு பாமசியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கட்டாரில் இருந்து திரும்பிய, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரியான பௌசர் காக்கா ஒரு மவுன்டன் பைக்கோடு வந்து இறங்கினார். அதைப் பார்த்த ஆசையில் நாங்கள் ஆறு பேர் பழைய ஜப்பான் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து வாங்கினோம். கிளப் தொடங்கியது அப்படித்தான். பெயர்கூட வைக்கவில்லை.

மாவடிப்பள்ளியில் வாய்க்கால் கட்டுப் பாதையில் ஏறினால், சம்மாந்துறையைத் தாண்டி, வயல்வெளி முடிகிற இடத்தில் ஒரு பாறை மேடு வரும். சுற்றிவரப் பற்றைக்காடு. சனிக்கிழமைகளில் கத்தியோடு போய் முள் வெட்டினோம், உடைந்த போத்தல்களைப் பொறுக்கினோம். எங்களில் ஒருவன் அங்கே வழி தவறி இரண்டு மணித்தியாலம் அலைந்து திரும்பிய பிறகு, பௌசர் காக்காவுக்கு ஒரு யோசனை வந்தது.

"கல்லு நடுவம். வெள்ளை அடிச்சி நம்பரும் எழுதினா ஒருத்தனும் வழி மாற மாட்டான்."

வயல் ஓரத்தில் இருந்து பாறை மேடு வரை நாற்பது கற்கள். சிவப்பில் நம்பர் எழுதியது நான்தான்.

அடுத்த சனிக்கிழமை போனால்... ஏழு முதல் பன்னிரண்டு வரை காணவில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஆறும் வாய்க்காலுக்குள் கிடக்கின்றன. எடுத்து, கழுவி, திரும்ப நட்டோம். அதற்கடுத்த வாரமும் அதே ஆறு கற்கள். அதே வாய்க்கால்.

குரங்கு என்றான் ஒருவன். யானை என்றான் இன்னொருவன். "யானைக்கு நம்பர் வாசிக்கத் தெரியுமாடா?" என்று பௌசர் காக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும் அதே யோசனைதான். ஏன் அந்த ஆறு மட்டும்?

மூன்றாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு போய் நட்டோம். மற்றவர்கள் திரும்பியபோது, டயருக்குக் காற்றுப் போய்விட்டது என்று பொய் சொல்லி நான் பின்தங்கினேன். பாறைக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. வயல் காவலுக்குப் போட்ட குடிசையான வாடிக்குள் இருந்து ஒரு பெண் வந்தா. நாற்பது வயது இருக்கும். கையில் கடப்பாரை மாதிரி ஒரு அலவாங்கு. நேராக ஏழாம் நம்பர் கல்லுக்குப் போய், கீழே குத்தி நெம்பினா.

"அக்கா..." என்று எழும்பினேன்.

அவ அலவாங்கை என் பக்கம் திருப்பிப் பிடித்தா.

"கிட்ட வராதிங்க! எத்தின தரம் நட்டாலும் நான் புடுங்குவன். இந்த ஆறு கல்லும் நிக்கிறது என்ட அப்பா காடு வெட்டின காணியில."

"காணியா? அக்கா, இது சைக்கிள் ஓடுற பாதைக்கு வெச்ச கல்லு."

"சைக்கிள் ஓடுறத்துக்கு ஆரு தம்பி நம்பர் போட்டுக் கல்லு நடுற?"

போனை எடுத்து, நாங்கள் ஏழு பேரும் பெயின்ட் வாளியோடு பல்லிளித்துக்கொண்டு நிற்கிற படத்தைக் காட்டினேன். அதைக் கனநேரம் பார்த்தா. பிறகு வரம்பில் அப்படியே குந்திவிட்டா.

யோகேஸ்வரி அக்கா, காரைதீவு. வேறொரு பக்கத்தில் அவவின் அண்ணனின் வயலில் முதலில் அரசாங்க ஆட்கள் நம்பர் போட்டு நட்ட வெள்ளைக் கல் வந்ததாம், பிறகு கம்பி வேலி, அதோடு காணி போய்விட்டதாம். எங்கள் கல்லைக் கண்ட நாளில் இருந்து, விதைநெல் மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறா.

"பறிபோற வயலுக்கு என்னத்துக்கு விதைக்கிற எண்டு இருந்திட்டன்" என்றா.

சுற்றிவரப் பார்த்தேன். பக்கத்து வயல்களில் பச்சை பிடித்துவிட்டது. அவவின் இரண்டு ஏக்கர் மட்டும் உழுத சேறாகவே கிடந்தது. அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை.

அன்று பின்னேரமே பௌசர் காக்காவிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "நம்ம ஆருட காணியையும் எடுக்கல்லயே!" பிறகு மிச்சமிருந்த பெயின்ட் வாளியை மூடி ஓரமாக வைத்தார். "எல்லாத்தையும் புடுங்குவம். நாற்பதையும்."

மறுநாள் காலையில் ஏழு பேரும் போனோம். யோகேஸ்வரி அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"ஆக்கள் பாக்கத்தக்கதா புடுங்குங்க தம்பி. இஞ்ச எல்லாரும் பயந்துதான் கிடக்காங்க."

அவ முன்னால் நடந்து, ஒவ்வொரு வாடியிலும் கூப்பிட்டுச் சொன்னா, "இவங்கதான் கல்லு நட்ட ஆக்கள். சைக்கிள் ஓடுற பொடியன்மார்!" நாங்கள் பின்னால் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு போனோம். சிலர் சிரித்தார்கள். ஒரு மனிசன் தூசண வார்த்தைகளால் ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றோம்... வேறென்ன செய்ய?

அத்தனை கல்லையும் உழவு மெசின் புதைகிற ஒரு சேற்றுப் பள்ளத்தில் கொட்டி நிரப்பினோம். அடுத்த நாள் அவ விதைத்தா. பிந்திய விதைப்புத்தான், ஆனாலும் அந்தப் போகம் மழை கைவிடவில்லை. அறுவடைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எங்களை மறித்து, வாழையிலையில் சுற்றிய புட்டுக் கொடுத்தா. நல்ல விளைச்சலா என்று கேட்டோம். "பழுதில்ல" என்றா. அவ்வளவுதான்.

இப்போது கிளப்பில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பெயர் இருக்கிறது, ஒரே நிறத்தில் டீசேர்ட் இருக்கிறது. புதுப் பாதை போடுவதற்குக் கல்லும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். போனில் விரலால் ஒரு கோடு இழுத்தால் போதும், எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒருவருக்கும் பயமில்லை, ஒருவரும் பிடுங்க வர மாட்டார்கள். நல்லதுதான்.

ஆனால் அந்தப் பழைய பாதையில் எந்த வயல் யாருடையது, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முழங்கால் வருத்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். போன கிழமை புதுப் பாதையில் போகும்போது, ஒரு வயலில் ஒரு மனிசன் நிமிர்ந்து நின்று, நாங்கள் மறையும் வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருபது பேரும் அவரைக் கடந்து போய்விட்டோம்.

அவர் என்ன நினைத்திருப்பார்?

வருகிற சனிக்கிழமை இறங்கிக் கேட்கப் போகிறேன்.